சப்புக்கொட்டாத சாலட்

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதற்கு யாராவது பள்ளிக்கூடம் நடத்தினால், ஓட்மாரைத்தான் தலைமை ஆசிரியராகப் போட வேண்டும்.

ஜூன் மாதத்தில் தோட்டச் சங்கத்தின் கூட்டம். ஊருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி, ஆளுக்கு ஒரு துண்டு நிலமும் ஒரு மரக் குடிசையுமாக நாற்பது குடும்பங்கள் காய்கறி போடுகிற சங்கம் அது. செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அறுவடை விருந்து. யார் என்ன கொண்டுவருவது என்று தலைவி ஹெட்விக் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"உருளைக்கிழங்கு சாலட், எட்டு கிலோ, வழக்கம்போல லோரே."

"இந்த வருஷம் யாராவது பாதியப் பங்கு போட்டுக்கிட்டா நல்லாருக்கும்," என்றாள் லோரே. "தோள்பட்ட வலி தாங்கல."

நியாயமான பேச்சு. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் நாலு பெண்கள் கை தூக்கியிருப்பார்கள். அதற்குள் அவள் கணவர் ஓட்மார், மூன்றாவது பீர் தந்த தைரியத்தில், வாயைத் திறந்தார்.

"உருளக்கெழங்க வேகவச்சு வினிகர் ஊத்துறதுக்குத் தோள்பட்ட எதுக்கு வலிக்கணும்? ஒழுங்கா அளந்து செஞ்சா அது ஒரு மணி நேர வேல."

கூடத்தில் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. ஜெர்மனியின் தெற்கே, எங்கள் ஷ்வாபிய நாட்டில் கடவுள் இல்லை என்று ஒருவர் சொன்னால் உட்கார வைத்துப் பேசிப் பார்ப்போம். உருளைக்கிழங்கு சாலட் ஒரு வேலையா என்று கேட்டால் பேச்சே கிடையாது. ஹெட்விக் எழுதியதை நிதானமாக அடித்துவிட்டு, மேலே புதிதாக எழுதினார்.

"ஓட்மார். எட்டு கிலோ. கடையில வாளியில விக்கிற சாலட்ட வாங்கிட்டு வந்து ஏமாத்தக் கூடாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. நாப்பது குடும்பத்தையும் வெறும் சாசேஜோட உக்கார வைக்க முடியாது. அப்புறம் உங்க மூஞ்சியத்தான் எல்லாரும் பாப்பாங்க."

முடியாது என்று சொல்லும் வயது ஓட்மாருக்கு இருந்தது, அறுபத்தாறு. மனசு இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது லோரே சொன்னாள்: "நான் ஒரு விரல்கூட வைக்கமாட்டேன். கேட்டாலும் சொல்லித் தரமாட்டேன்."

"யாரு கேட்டா இப்ப?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

ஓட்மார் நாற்பத்தோரு வருடம் லேத் இயந்திரத்தில் நின்றவர். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு இரும்பைச் சீவத் தெரிந்தவர். அளக்க முடியாதது எதுவும் உலகத்தில் இல்லை என்பது அவர் மதம். ஒரு நோட்டு வாங்கினார். சமையல் வெப்பமானி வாங்கினார். பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றபோது கூடவே கொண்டுவந்த வெர்னியர் அளவுகோலைத் துடைத்து எடுத்துவைத்தார். இரண்டே வாரத்தில் லோரேயின் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தார்.

முதல் முயற்சி களியாகப் போயிற்று. கடையில் இரண்டு வகை மூட்டை இருந்தது. மலிவானதை எடுத்தார், எங்கள் ஊர்க்காரர் வேறு எதை எடுப்பார்? அது மசிப்பதற்கான மாவுக் கிழங்கு. கரண்டியைப் போட்டுக் கிளறியதும் சுவருக்குப் பூசுகிற காரைபோல் ஆகிவிட்டது. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஓட்மார் கடைக்காரனைத் திட்டினார்.

இரண்டாவது முறை சரியான கிழங்கு, மெழுகுபோல் உறுதியாக நிற்கிற வகை. அதைச் சூட்டோடு உரிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். லோரே முள்கரண்டியில் குத்திப் பிடித்துக்கொண்டு, ஆவி பறக்க உரிப்பதை முப்பத்தெட்டு வருடம் பார்த்திருக்கிறார். விரலைச் சுட்டுக்கொண்டு உரிப்பது புத்திசாலி செய்கிற காரியமா? ஆறவைத்தார். அழகாக உரித்தார். இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகளாகச் சீவி, பத்துக்கு ஒன்று எடுத்து வெர்னியரில் சோதித்தார். சூடான மாட்டெலும்புச் சாற்றை ஊற்றினார். ஆறிய கிழங்கு அதைக் குடிக்க மறுத்துவிட்டது. சாறு தாமரை இலைத் தண்ணீராக ஒட்டாமல் வழிந்து அடியில் குளம் கட்டியது.

மூன்றாவது முறை விரல்களைச் சுட்டுக்கொண்டார். பத்து விரலிலும் சிவப்பு. ஆனால் சாறு ஊற்றும் முன் எண்ணெய் ஊற்றினார். இந்தத் தவறு ஒரு லேத்காரனுக்கு மட்டுமே வரும். எந்த வேலையையும் எண்ணெய் விட்டுத் தொடங்கித்தான் அவருக்குப் பழக்கம். எண்ணெய் பூசிய கிழங்குக்குள் வினிகரும் போகவில்லை, உப்பும் போகவில்லை. வாயில் போட்டால் முதலில் எண்ணெய், பிறகு சப்பென்ற கிழங்கு, கடைசியில் தொண்டையில் தனியாக வினிகர்.

அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனார். பக்கத்து வீட்டில் டெட்லெஃப். ஹாம்பர்க்கிலிருந்து வந்து முப்பது வருடம் ஆகிறது, இன்னும் இந்த ஊர்க்காரர் ஆகவில்லை, ஆகவும் முடியாது.

"அருமை," என்றார் டெட்லெஃப் ஒரு வாய் தின்றுவிட்டு. "ரொம்ப அருமையா இருக்குய்யா. ஒரே ஒரு யோசன சொல்லட்டா?"

"சொல்லு."

"ரெண்டு கரண்டி மயோனைஸ் போட்டுப் பாரு."

ஓட்மார் சட்டியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். சாலட்டில் மயோனைஸ் கலக்கிற வடக்கத்தி ஆளிடம் போய்க் கேட்டது அவர் தப்பு. அந்த மனிதர் மழை பெய்தாலும் அருமை என்பார், பல் பிடுங்கினாலும் அருமை என்பார். அந்த வாயிலிருந்து வருகிற சொல்லுக்கு என்ன மதிப்பு?

நான்கு, ஐந்து, ஆறு. ஒன்றில் சாறு அதிகமாகி சூப் ஆனது. ஒன்றில் வெங்காயத்தை முந்தின நாளே நறுக்கி வைத்துக் கசந்தது. ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டார், மறுநாள் கல்லாக எழுந்து நின்றது. தோற்றதை எல்லாம் தோட்டத்து உரக்குழியில் கொட்டினார். அந்தக் குழி பொதுவழியை ஒட்டி இருந்தது. மஞ்சளாகக் குவிகிற கிழங்கை ஊரே பார்த்துக்கொண்டு போயிற்று.

"புழுவுக்கெல்லாம் விருந்து போடுறீங்க போல," என்றார் ஹெட்விக், சைக்கிளிலிருந்து இறங்காமலே.

"சோதன பண்றேன்."

"புழு என்ன சொல்லுது?"

இவ்வளவுக்கும் நடுவில் லோரே வாக்குத் தவறவில்லை. ஓட்மார் சமையலறையில் உருட்டிக்கொண்டிருக்கும்போது அவள் பக்கத்து அறையில் குறுக்கெழுத்துப் போட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம் அவரை அரித்தது. திட்டினால்கூடத் திரும்பத் திட்டலாம். சும்மா இருப்பவளை என்ன செய்வது?

எங்கள் ஊரில் இந்தச் சாலட்டைக் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பதில்லை. காதால்தான். பக்குவமாக வந்த சாலட்டைக் கிளறினால் அது சப்புக்கொட்டும். ஈரமாக, சோம்பேறித்தனமாக, வயிறு நிறைந்த ஆள் உதட்டைப் பிரிக்கிற சத்தம். அந்தச் சத்தம் வராதவரை அது வினிகர் ஊற்றிய கிழங்கு, அவ்வளவுதான். ஓட்மார் குனிந்து சட்டிக்குள் காதை வைத்துக் கேட்டார். ஒருநாள் கரகரவென்றது. இன்னொரு நாள் தண்ணீர் அலம்புகிற சத்தம். பல நாள் சத்தமே இல்லை.

"அது எத்தன டெசிபெல்னு அளந்துட்டியா?" என்று டெட்லெஃப் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"போய்யா உன் வேலையப் பாத்துக்கிட்டு."

நோட்டில் பதினோரு பக்கம் நிரம்பியிருந்தது. எல்லா அளவும் சரி. சாலட் மட்டும் சரியில்லை. அதுதான் அவருக்குப் புரியவே இல்லை, அதுதான் அவரைப் பைத்தியம் பிடிக்க வைத்தது. இரும்பு பொய் சொல்லாது. ஒரே அளவு வைத்தால் ஒரே பொருள் வரும். இந்தக் கிழங்கு திங்கட்கிழமை ஒரு குவளைச் சாறு குடிக்கிறது, வியாழக்கிழமை முக்கால் குவளையோடு போதும் என்கிறது. பதிமூன்றாவது முறை மரக்கரண்டியைச் சுவரில் எறிந்தார். கைப்பிடி உடைந்தது.

பதினான்காவது முறை வெர்னியர் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. அளந்து அலுத்துப்போன கோபத்தில், நோட்டையும் திறக்கவில்லை. சூட்டோடு உரித்தார், சீவினார், கொதிக்கிற சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கிழங்கு குடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். வினிகர், கடுகு விழுது, உப்பு. கால் மணி நேரம் தொடாமல் விட்டார். கடைசியில் எண்ணெய். இரண்டு கரண்டியால் அடியிலிருந்து தூக்கிப் புரட்டினார்.

சட்டி சப்புக்கொட்டியது.

நின்றார். மறுபடி புரட்டினார். மறுபடியும் அதே சத்தம். ஒரு தட்டில் போட்டு லோரே முன்னால் கொண்டுபோய் வைத்தார். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், சாப்பிட்டாள். தட்டில் ஒரு வில்லையும் மிச்சமில்லை.

"சாப்பிடலாம்," என்றாள்.

ஓட்மார் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சிலை எடுத்தாள்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?"

அவர் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், காரணமே இல்லாமல் தரையைக் கொத்தினார். பொறாமை, என்று முடிவு செய்தார். தான் மட்டுமே செய்ய முடியும் என்று நினைத்திருந்தாள், இப்போது வயிறு எரிகிறது. அப்படி நினைத்ததில் கொஞ்சம் நிம்மதி கிடைத்தது. நீடிக்கவில்லை.

ஒரு கிலோவில் வந்தது எட்டு கிலோவில் வரவில்லை. விருந்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மொத்தமாகச் செய்து பார்த்தார். கடைசிக் கிழங்கை உரித்து முடிப்பதற்குள் முதல் கிழங்கு ஆறிவிட்டது. மேல்பாதி வறட்சி, கீழ்ப்பாதி சூப். எட்டு கிலோவை அடியிலிருந்து தூக்கிப் புரட்டியதில் வலது தோள்பட்டையில் சுளீரென்று ஒரு வலி பிடித்தது. மூன்று நாள் கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. அதை அவர் லோரேயிடம் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

விருந்தன்று காலை ஐந்து மணிக்கு எழுந்தார். நாலு பானை, பானைக்கு இரண்டு கிலோ, இருபது நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக அடுப்பில் ஏற்றினார். ஒன்று வேகும்போது இன்னொன்றை உரித்து, துண்டு போர்த்திச் சூடு போகாமல் வைத்து, சாறு குடிக்கவிட்டு, கடைசியில் நாலையும் ஒரே பெரிய ஏனத்தில் சேர்த்துப் புரட்டினார். பத்தரை மணிக்கு ஏனம் சப்புக்கொட்டியபோது அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. வெளுத்த முகமும் வெந்த விரல்களுமாக அதைக் கைவண்டியில் ஏற்றித் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

மேசையில் வைத்தார். ஏனத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டார். ஆட்கள் வரிசையில் வந்தார்கள், அள்ளினார்கள், போனார்கள். சிலர் இரண்டாம் முறை வந்தார்கள். பேக்கரிக்காரர் மூன்றாம் முறை வந்தார். மழை வருமா என்று பேசினார்கள். சுரைக்காயில் பூச்சி விழுந்ததைப் பேசினார்கள். டெட்லெஃப் மட்டும் "அருமை" என்றார். மூன்றாவது முயற்சிக்கும் அதே அருமைதான் கிடைத்தது. இரண்டு மணிக்கு ஒரு கிழவர் ரொட்டித் துண்டால் ஏனத்தின் அடியைத் துடைத்துத் தின்றார். ஓட்மார் அவர் முகத்தையே பார்த்தார். கிழவர் கையில் ஒட்டிய ரொட்டித் தூளைத் தட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

ஹெட்விக் வந்து காலி ஏனத்தை எட்டிப் பார்த்தார். "அடுத்த வருஷமும் உங்க பேரையே எழுதிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு நாற்காலி எண்ணப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஓட்மார் ஏனத்தை மேசையில் நங்கென்று வைத்தார்.

"ஒருத்தன்கூட வாயத் தொறக்கல."

"சாப்பிடத் தொறந்தாங்களே," என்றாள் லோரே.

"கிண்டல் பண்ணாத. மூணு மாசம் லோரே. பத்து விரலும் வெந்துபோச்சு. தோள்பட்ட கழண்டு தொங்குது. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?"

"திட்டலையில்ல? திட்டலைன்னா அதுவே பாராட்டுதான். நம்ம ஊருல அப்படித்தான. நீதான் எப்பவும் சொல்லுவ."

அவர் ஏனத்தை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"எத்தன தடவ செஞ்ச நீ?" என்று கேட்டாள்.

"இருவது இருக்கும்."

"நான் எத்தன தடவ செஞ்சிருப்பேன்?"

கணக்கு என்றால் அவர் மனம் தானாகவே ஓடும். வாரத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு ஐம்பத்திரண்டு, முப்பத்தெட்டு வருடம். "ரெண்டாயிரத்துக்குக் கிட்ட வரும்," என்றார்.

"அதுல ஒரு தடவ நீ சொன்ன நல்ல வார்த்த ஒண்ணு சொல்லு பாப்போம். எனக்கு ஞாபகம் வரல. உனக்கு வருதா?"

அவர் தேடினார். உண்மையாகவே தேடினார். பிள்ளைகள் பிறந்தபோது போட்ட விருந்துகள், அவர் அப்பாவின் சாவுச் சாப்பாடு, நாற்பதாவது பிறந்தநாள். எல்லாவற்றிலும் சாலட் இருந்தது. எல்லாவற்றிலும் அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருந்தார்.

"வெறும் ஏனத்தத் தூக்கிக்கிட்டு நானும் இதே வழியாத்தான் வருஷா வருஷம் நடந்து வந்தேன்," என்றாள் அவள். "நீ பின்னால நாற்காலியத் தூக்கிட்டு, பீரப் பத்திப் பேசிக்கிட்டே வந்த."

"நீ கேட்டிருக்கலாமே. எப்படி இருக்குன்னு ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

"இன்னிக்கு நாலு மணி நேரம் ஏனத்துப் பக்கத்துல நின்னியே. நீ யார்கிட்டயாவது கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்டு வாங்குவதற்கு நாக்கு எழவில்லை. கேட்டு வாங்கினால் அது என்ன பாராட்டு? இதை அவர் நினைத்து முடித்தபோது முகத்தில் சூடு ஏறியது. ஏனத்தை எடுத்துக் கழுவினார். லோரே தடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் மறுபடி சமைத்தாள். தோற்றதும் இல்லை, ஜெயித்ததும் இல்லை என்பதுபோல, ஒன்றும் சொல்லாமல். புதன்கிழமை பயறும், ஷ்பேட்ஸில் என்கிற, கையால் சீவிப் போட்ட மாவுத் துணுக்குகளும், மேலே பன்றி இறைச்சியும். ஓட்மார் காலையிலிருந்து தயாராகிக்கொண்டிருந்தார்.

"மோசமில்ல," என்றார்.

"ம்."

"குற சொல்ல ஒண்ணுமில்ல."

"அதே 'சாப்பிடலாம்'கிற வார்த்தையத்தான் வேற கிண்ணத்துல போட்டுக் குடுக்கற," என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை, உலகத்திலேயே இப்படி ஒரு அப்பம் கிடையாது என்று ஆரம்பித்தார். "டெட்லெஃப் மாதிரி பேசாத," என்று வெட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை ஒன்றும் சொல்ல வரவில்லை. சனிக்கிழமை அவருக்கே அவர் மேல் எரிச்சலாக இருந்தது. எட்டு கிலோ கிழங்கைப் பக்குவத்துக்குக் கொண்டுவந்த மனிதனுக்கு ரெண்டு சொல் வராதா? இதைச் செய்ய எந்த நோட்டும் இல்லை. எரிந்தால் கொட்டுவதற்கு உரக்குழியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெறும் சூப்தான். மாட்டெலும்புச் சாற்றில் சீவிப்போட்ட, தோசைபோன்ற அப்பத் துண்டுகள். அவர் ஒரு கரண்டி குடித்தார். இரண்டாவது கரண்டியைக் கீழே வைத்தார். காதுவரைக்கும் சிவந்துவிட்டது.

"நல்லா இருக்கு லோரே." குரல் கரகரத்தது. "எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் நான் சொல்லல."

லோரே நிமிர்ந்து பார்க்கவில்லை. கரண்டியைத் தட்டின் விளிம்பில் வைத்தாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றாள்.

"கம்மி இல்ல."

"கம்மிதான். எடுத்துட்டு வரேன்." உப்பு மேசையில், அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஓட்மார் காத்திருந்தார். சூப் ஆறியது. இதுவும் போச்சு, இதிலும் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைத்தார். எழுந்து போனார். அவள் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொள்வதைக் கதவு மறைக்கவில்லை.

"முப்பத்தெட்டு வருஷம், ஓட்மார்," என்றாள் திரும்பாமல்.

"தெரியும்."

"உனக்குத் தெரியாது. இன்னொரு தடவ சொல்லு."

சொன்னார்.